கடல் கடந்த உறி

உறையூர்க்குக் கடலில்லை. திருவரங்கமோ காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஆற்றுத் தீவு. ஆயினும், முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்செலவு நூலொன்று 'அர்கரு' என்னும் ஊரினின்று மெல்லிய துகில் கடல் கடந்து சென்றதைக் குறிக்கின்றது. அவ்வூர் உறையூரே என்பர் ஆராய்ச்சியாளர். இவ்வளவில் மார்தட்டி அமைந்துவிடுவது தமிழர் வழக்கம். அத்துகிலைச் சுமந்த கலத்துள் மாந்தர் எங்ஙனம் உண்டனர், எங்ஙனம் உறங்கினர் என உசாவுவார் இலர்.

உசாவுவார்க்கு இன்று கண்கண்ட சான்று உண்டு. புதுவையைச் சேர்ந்த கடற்படை அலுவலர் உரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், 'தாரிணி' என்னும் 17 மீட்டர் நீளப் பாய்க்கலத்தில், 2024 அக்தோபர் 2ஆம் நாள் கோவாவினின்று புறப்பட்டு, ஞாலத்தைச் சுற்றி, 2025 மே 29ஆம் நாள் மீண்டனர். வேறு துணையில்லை, உந்தியது காற்றே. கடந்தது ஏறத்தாழ 25,000 கடல்மைல். ஆத்திரேலியாவை அடைய மட்டுமே ஏறத்தாழ 40 நாள். அமைதிப் பெருங்கடலில், எத்திசை நோக்கினும் 2,600 கிலோமீட்டருக்கு மேல் நிலமே இல்லாத 'நீமோ' இடத்தையும் கடந்தனர்.

இருவரே இயக்கும் கலத்தில் இருவரும் ஒருங்கே துயிலுதல் அரிது. ஒருத்தி கண்ணயரின் மற்றவள் காற்றையும் பாயையும் காத்திருத்தல் வேண்டும். காற்று மிகின் பாயைச் சுருக்குதல் வேண்டும்; நள்ளிரவாயினும், அலைநீர் முகத்தில் அறையினும் அதற்கு விலக்கில்லை. குடிநீரை அளந்தே குடிப்பர். கலம் சாயினும் உலை சாயாதிருக்க, அடுப்பை இருபுறமும் அச்சில் தொங்கவிடுவர்.

தொங்கவிடுதல் என்றதும் தமிழர்க்கு உறி நினைவுக்கு வருதல் வேண்டும். எகிப்தின் செங்கடற்கரைத் துறையான குசேர் அல் காதிமில் 2007இல் வெளிவந்த பானையோட்டில் பழந்தமிழ் எழுத்திற் பொறித்திருந்த சொற்கள் 'பானை ஒறி'. படித்துரைத்தவர் திருச்சிராப்பள்ளி மண்ணினரான ஐராவதம் மகாதேவன். அவ்வோடு ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையது. அதிலிருந்தது அரசன் பெயரன்று, வெற்றிப் புகழுமன்று, அடுக்களைச் சொல். கடல் கடந்தும் நிலைத்தது அதுவே.

இன்றோ, பாய்க்கலம் பற்றிப் பேசுவோர் வாயில் 'செயிலிங்', 'டெக்', 'கேப்டன்' என்பனவே வருகின்றன. வங்கம், நாவாய், மீகான், கூம்பு என்பன மனப்பாடச் செய்யுளோடு நின்றுவிட்டன. அகரமுதலியிற் கிடப்பதனால் ஒரு சொல் உயிர்த்திருப்பதாகாது. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எனக் காற்றை இனம்பிரித்து அழைக்கும் வாய்கள் கடற்கரையில் இன்னும் உள. விசைப்படகு வந்தபின், பாய்விரித்த தலைமுறையோடு அவையும் குறைந்து வருகின்றன.

தமிழ்ப்பற்றாளர் மேடையிற் கலஞ்செலுத்தியது போதும். நாகையிலும் தூத்துக்குடியிலும் வாழும் முதிய மீனவரிடம் சென்று அச்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். திருச்சிராப்பள்ளி, திருவரங்கத்து வகுப்பறைகளில் தாரிணியின் செலவு அச்சொற்களாலேயே பாடமாதல் வேண்டும். ஆற்றங்கரைப் பிள்ளைக்கும் கடல் உரியதே.

பானையைத் தாங்குவது உறி. சொல்லைத் தாங்குவது தொழில். உறி அறுந்தபின் பானையின் பழமையைப் பேசிப் பயனென்ன?