அளப்பவரை அளப்பது யார்?

தர்மபுரி ஜில்லாவில் ஒரு குடும்பம் ஐந்து சென்ட் மனை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நகையை விற்று, கடனும் வாங்கிச் சேர்த்த பணம். தரகர் ஒருவரைக் கூட்டி வருகிறார். "இவர் கெட்டிக்கார சர்வேயர்" என்கிறார். வந்தவர் டேப்பைப் பிடித்து நாலு பக்கமும் அளக்கிறார். காகிதத்தில் கோடு போட்டுக் கொடுக்கிறார். கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பக்கத்து மனைக்காரர், "என் நிலத்தில் இரண்டடி உள்ளே வந்துவிட்டீர்கள்" என்று சண்டைக்கு வரும்போதுதான் கேள்வி பிறக்கிறது. அளந்தவர் யார்? அளக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தது யார்?

இந்தக் கேள்வி தர்மபுரி மண்ணுக்குப் புதிதல்ல.

1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அந்தச் சீமையில் அடங்கியவை. அதை நிர்வகிக்க காப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னைக் கவர்னர் ஆனாரே, அவரேதான். 1799 வரை அவர் இந்தச் சீமையில் வேலை பார்த்தார். தர்மபுரியில் ஒரு தோட்டமும் போட்டிருந்தார். ஒவ்வொரு குடியானவரின் நிலத்தையும் தனித்தனியே அளந்து வரி போடும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது.

நிலத்தை அளந்து வரி போடுவது என்றால் அளப்பவன் கையில் குடியானவனின் சோறு இருக்கிறது என்று அர்த்தம். மன்றோ இதை உணர்ந்திருந்தார். பிறகு கடப்பை, பல்லாரி பக்கம் நிலம் அளந்தபோது, கீழே இருப்பவர்கள் அளந்ததை மேலே இருப்பவர்கள் மறுபடி சோதிக்க ஏற்பாடு செய்தார். அளப்பவரையும் அளக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது.

சங்கிலிக் கணக்கு

அந்தக் காலத்துச் சர்வே சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 வளையங்கள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. நம் குடும்பத்தின் ஐந்து சென்ட் 2,178 சதுர அடி ஆகிறது.

இழுத்து இழுத்துச் சங்கிலி ஒரே ஒரு வளைய நீளம் கூடிவிட்டால் என்ன ஆகும்? ஐந்து ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய பத்து சென்ட் கணக்கில் குறைந்து போகும். ஒரு வளையத்துக்கு இரண்டு வீட்டு மனை! அளக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கருவியும் சரியாக இருக்க வேண்டும்.

தொழில் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடமும் அப்போதே வந்தது. 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் சென்னைக் கோட்டையில் சர்வே பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்று கிண்டி என்ஜினியரிங் கல்லூரியாக நிற்கிறது. ஆனால் "படித்தவர் மட்டுமே இந்த வேலை செய்யலாம், தவறு செய்தால் உரிமை பறிபோகும்" என்று சொல்லும் லைசென்ஸ் போர்டு அதோடு சேர்ந்து வரவில்லை.

அது வந்த இடம் அமெரிக்கா. அங்கே வயோமிங் ராஜ்யம் தர்மபுரியைப் போல வறண்ட பூமி. ஆற்று நீருக்கு உரிமை கேட்டு மனுச் செய்பவர்கள் வரைபடம் வைக்க வேண்டும். ராஜ்யத் தலைமை என்ஜினியர் ஜான்ஸ்டன் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். வக்கீலும் நோட்டரியும் என்ஜினியர் என்றும் சர்வேயர் என்றும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்! அதன் பிறகு 1907இல் சட்டம் வந்தது. பரீட்சைக் குழு தகுதி பார்த்துப் பதிவு செய்த பிறகே என்ஜினியர் என்று தொழில் நடத்தலாம் என்றாயிற்று.

கலிபோர்னியா விழித்துக்கொள்ள ஒரு பெருந்துயரம் வேண்டியிருந்தது. 1928 மார்ச் 12 அன்று செயிண்ட் பிரான்சிஸ் அணையில் கசிவு தெரிந்தது. அதைக் கட்டிய மல்ஹாலண்ட் வந்து பார்த்து, பயமில்லை என்றார். அவர் கல்லூரியில் படித்தவரல்ல, அனுபவத்தால் உயர்ந்தவர். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். மறு வருஷமே அங்கும் என்ஜினியர்களுக்கு லைசென்ஸ் சட்டம் பிறந்தது.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டில் வைத்தியருக்குப் பதிவு உண்டு. சென்னை மாகாணத்தில் அதற்கு 1914லேயே சட்டம் வந்துவிட்டது. வக்கீல்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம். என்ஜினியர்களுக்கு மட்டும் அப்படி ஓர் அகில இந்தியச் சட்டம் அமையவில்லை. வரைவுகள் எழுதப்பட்டன. எழுதியதோடு நின்றன.

இதன் விலை என்ன? 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. பிழைப்புத் தேடி வந்த கூலிகள் உட்பட 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் சர்க்காரே வெடி வைத்துத் தகர்த்தது. லைசென்ஸ் இருந்தால் கட்டடமே விழாது என்று நாம் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ளவரும் தப்புச் செய்வார். ஆனால் பதிவேட்டில் பேர் உள்ளவரைத் தேடிப் பிடிக்கலாம்; மீண்டும் அந்தத் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கலாம். பதிவே இல்லாதவரிடம் எதைப் பறிப்பது?

தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கின்றன. பதிவு பெற்ற என்ஜினியர், கட்டட உறுதியைக் கணக்கிடும் என்ஜினியர் என்று பிரித்து, யார் எதற்குப் பொறுப்பு என்று அவை சொல்கின்றன. விதி மீறினால் பதிவை ரத்துச் செய்யவும் இடமுண்டு. அமெரிக்காவைப் போல ராஜ்யம் முழுமைக்கும் பரீட்சை வைக்கும் போர்டாக இது அமையவில்லை என்பதுதான் குறை என்று நமக்குத் தோன்றுகிறது.

நில எல்லை விஷயத்தில் 1923ஆம் ஆண்டு சர்வே எல்லைச் சட்டமே இன்றும் நடப்பில் உள்ளது. தனியார் டேப் பிடித்து அளந்தது வழிகாட்டுமே தவிர, எல்லையை முடிவு செய்யாது. கட்டணம் கட்டி மனுச் செய்தால் சர்க்கார் சர்வேயர் வந்து அளப்பார். இப்போது இணையம் வழியாகவும் மனுச் செய்யலாம். சர்க்கார் அளவில் திருப்தியில்லை என்றால் அப்பீல் உண்டு, சிவில் கோர்ட்டும் உண்டு. கோர்ட்டுக்குப் போகக் காலக்கெடு இருப்பதால், வருஷக் கணக்கில் சும்மா இருந்துவிடக் கூடாது.

அந்த ஐந்து சென்ட் குடும்பம் இனி வீடும் கட்டப்போகிறது. பிளான் கைக்கு வந்ததும், முதலில் சமையலறை எந்தப் பக்கம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். காகிதத்தின் கீழ் மூலையையும் பாருங்கள். அங்கே என்ஜினியரின் கையெழுத்து இருக்கும். அதன் பக்கத்தில் பதிவு எண் இருக்கிறதா?