அடைப்பில்லை என்ற தீர்ப்பு

“ஆஞ்சியோ எடுத்தாயிற்று, அடைப்பில்லை, இனி நெஞ்சுப் பாரம் என்றால் அது வாயு, இல்லாவிட்டால் வயசு” என்று மன்னார்குடியில் வீட்டுக்கு வீடு வழங்கும் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. எழுபத்திரண்டு வயதான என் அத்தை ஹரித்ராநதி வடகரையில் பாதி தூரம் நடப்பதற்குள் மார்பில் கையை வைத்துக்கொண்டு யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கும் ஓமத் தண்ணீரே நிவாரணமாகச் சொல்லப்பட்டது.

ஆஞ்சியோ படம் காட்டுவது இருதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய நாளங்களை மாத்திரமே. தசைக்குள் பாயும் இரத்தத்தின் அளவைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிற, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்நாளங்கள் அதில் தெரிவதில்லை. மூணாறு தலைப்பில் பாமணியாறு நிறைந்து போவதைப் பார்த்துவிட்டு, கடைமடை வயலும் நனைந்திருக்கும் என்று நிச்சயிக்கும் விவசாயி நம் பக்கத்தில் உண்டா? படம் சுத்தமாயிருந்தும் நெஞ்சுவலி தொடரும் நோயாளிகளின் நிலைக்கு 1973-லேயே ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அவர்களில் மாதவிடாய் நின்ற பெண்கள் அநேகர்.

வயதேற நுண்நாளங்கள் விறைத்து விரியும் சக்தியை இழப்பதும், இரத்த அழுத்தம் உயர்வதால் ஓய்விலேயே இருதயம் கூடுதல் இரத்தம் கேட்பதும் மெய்யே. ஆகையால், உழைக்கும்போது மூன்று நான்கு மடங்காகப் பெருகவேண்டிய ஓட்டம் இரண்டு மடங்கைக்கூட எட்டாமல் நின்றுவிடலாம். ஆனால் காரணம் வயதென்று தெரிந்துவிட்டதால் சிகிச்சை வேண்டாமென்று ஆகிவிடுமா? அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது முதியோருக்கும் பயன் தருவதே.

படித்தவர்கள் வேறொன்று சொல்வார்கள்: அடைப்பு சிறிது இருந்தாலும், நாளத்துக்குள் மெல்லிய கம்பி செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னுமுள்ள அழுத்தங்களின் விகிதத்தை அளந்து, அது 0.80-க்கு மேல் இருந்தால் பயமில்லை என்று. வாய்க்கால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பாருங்கள். கீழே தண்ணீர் தடையின்றி ஓடினால், ஷட்டருக்கு இப்புறமும் அப்புறமும் மட்டம் வேறுபடும். கீழ்வாய்க்கால் ஆகாயத்தாமரையால் அடைபட்டு ஓட்டம் மந்தித்திருந்தாலோ, இரு புறமும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும், ஷட்டர் முழுவதும் திறந்திருப்பதைப்போல. மருந்து கொடுத்தும் நுண்நாளங்கள் விரியாத முதிய இருதயத்தில் அந்த விகிதம் உயர்ந்து காண்பதும் இவ்விதமே. அதே அளவான அடைப்பு இளையவரிடம் குறைந்த எண்ணைக் காட்டக்கூடும்.

அடுத்த வாரம் அத்தையின் அறிக்கையை எடுத்துக்கொண்டு இருதய வைத்தியரிடம் மறுபடியும் போகிறோம். அழுத்தத்தோடு இரத்தவோட்டத்தையும் அளந்து பார்க்க முடியுமா என்று கேட்கப்போகிறேன்.