பயிலுநர் என்னும் பெயர்

அமெரிக்காவில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர், உரிமம் பெறும்வரை தம்மைக் கட்டடக்கலைஞர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடந்தராது. அதற்கான அலுவலகப் பயிற்சி முன்பு 5,600 மணிநேரம்; 2015இல் 3,740 ஆகக் குறைக்கப்பட்டது. 2016இல் திட்டத்தின் பெயரிலிருந்து 'இன்டர்ன்' என்ற சொல்லும் நீங்கியது. மொழி கற்பிப்பவன் என்பதாலோ என்னவோ, மணிக்கணக்கைவிட இச்சொல் நீக்கமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. உரிமத்தேர்வை முடிக்காதவர் நாற்பது வயதிலும் அதையே சுமக்க நேர்ந்ததல்லவா?

ஆறு துறைகளிலும் பழகியிருக்க வேண்டும் என்ற விதி நல்லது. கட்டுமானக் களத்தைக் காணாமலே எவரும் வரைபடத்தோடு தேங்கிவிடலாகாது. ஆனால் அம்மணிநேரங்களுக்கு ஒப்புதல் தருபவர் பெரும்பாலும் அதே அலுவலகத்தின் மூத்தவர். 'ஓராண்டாகக் கதவு, சன்னல் அட்டவணை மட்டுமே தயாரிக்கிறேன்' என்று அவரிடமே எப்படி முறையிடுவது?