மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்கள்

முழங்கால் மாற்று ஆபரேஷன் முடித்து வீடு திரும்பும் நம் வயதுக்காரர்கள் சங்கரன்கோவிலில் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் ரெய்கி, பிராணிக் ஹீலிங் என்று ஆரம்பிக்கிறார். தொடாமலே, கையை மேலே வைத்து சக்தியைச் சரிசெய்து வலியைப் போக்குவார்களாம்.

அமெரிக்க நர்சுகளிடம் இதே மாதிரி ஒரு சிகிச்சை பரவியிருந்தது. எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளிக் கண்காட்சிக்காக அதைச் சோதித்தாள். நடுவே ஒரு மறைப்பு. சிகிச்சை தருகிறவர் அதன் வழியே இரண்டு கையையும் நீட்டி, அவள் கை எந்தக் கைக்குப் பக்கத்தில் இருக்கிறதென்று சொல்ல வேண்டும். 21 பேர், 280 தடவை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். காசு சுண்டினாலே பாதி தேறும்! 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழிலேயே இது வெளிவந்தது.

ஆனாலும் ஒருவர் அரைமணி நேரம் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தால் படபடப்பு தணியத்தான் செய்யும். பயம் குறைந்தால் வலியும் சற்றுக் குறைந்து தெரியும். கோமதியம்மன் சந்நிதி முன்னால் சக்கரத்தில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. (புற்றுமண்ணை நெற்றியில் இடுங்கள், தையல் மேல் வேண்டாம்.)

என் கோபம் வேறு. எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வலி தாங்காமல் காலை மடக்கும் பயிற்சியையும் அவர் விட்டார். மூட்டு இறுகிப்போய், இன்று பஸ் படி ஏற முடியவில்லை.

கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள். ரெய்கிக்காரர் மறுநாள் வரட்டும்.