தொட்டிலின் சட்டம் தாய்க்குத் தெரியட்டும்!

தம்பி!

கொள்கை என்ற சொல் காதில் விழுந்ததும் உன் கண்முன் தோன்றுவது எது? மாநாட்டுப் பந்தல், கொடிமரம், ஒலிபெருக்கி, கையொலிக்கிடையே நிறைவேறும் தீர்மானம்! தவறில்லை. ஆனால் இன்று நான் உன்னை அழைத்துச் செல்லும் இடத்திலே, கொள்கை ஒரு சிறு வீட்டின் சமையலறை மேசைமீது, பால்புட்டிக்கும் பொம்மைக்கும் இடையே கிடக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாமா, தாய் வரத் தாமதமானால் என்ன செய்வது, அடம் பிடிக்கும் குழந்தையை எப்படி அமைதிப்படுத்துவது - இவைதாம் அங்கே கொள்கை! அற்பம் என்று எண்ணிவிடாதே. ஒரு நாட்டின் பாராளுமன்றம் பலமுறை கூடிப் பேசிச் சட்டமியற்றிய பொருள் இது.

இங்கிலாந்தைச் சொல்கிறேன். வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வைத்து, கூலி பெற்றுப் பார்த்துக்கொள்ளும் தொழிலினர் அங்கே உளர். சைல்ட்மைண்டர் என்பர் அந்நாட்டார். குழந்தைக் காப்பாளர் என்போம் நாம். உறவினர் நீங்கலாக, 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூலிக்குப் பார்த்துக்கொள்பவர் பதிவு பெற்றாக வேண்டும். பதிவு செய்வதும், வீடு தேடி வந்து சோதிப்பதும் ஆப்ஸ்டெட் என்னும் அரசுத் துறையின் பணி. 2014 முதல் அதற்கென அமைந்த முகவர் நிறுவனங்களிலும் பதியலாம். ஒருவர் ஒரே நேரத்தில் 8 வயதுக்குட்பட்ட 6 பிள்ளைகள் வரைதான் பார்க்கலாம். அவர்களிலே சிறு குழந்தைகள் பொதுவாக மூவருக்கு மேல் கூடாது.

இந்தப் பதிவு ஒரு நாளில் முளைத்ததன்று. போர்க்காலத்திலே பெண்களைத் தொழிற்சாலைக்கு அழைத்த அரசு, குழந்தைக் காப்பகங்களைத் திறந்தது. போர் முடிந்தது, காப்பகங்கள் பல மூடப்பட்டன, பெண்களின் உழைப்பும் வயிறும் மட்டும் மூடப்படவில்லை! பிள்ளைகள் பக்கத்து வீடுகளுக்குப் போயின. 1948-ல் முதற் சட்டம் வந்தது. வந்தும் என்ன? 1970-களின் தொடக்கத்தில் பிரையன் ஜாக்சன் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஹட்டர்ஸ்பீல்டு போன்ற ஆலை நகரங்களில், பொழுது புலருமுன் தெருவிலே நின்று பார்த்தனர். போர்த்திய குழந்தையுடன் விரைந்து நடந்த தாய்மார், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கதவுகளைத் தட்டினர். குழந்தை உள்ளே போயிற்று. தாய் ஆலைக்குப் போனாள். அந்த வீட்டின் விதி யாது என்று எவர் அவளுக்குச் சொன்னார்? ஆலைச் சங்கு ஊதுகிறது. நின்று கேட்க அவளுக்கு நேரம் ஏது?

ஆகவே பெற்றோருக்கு எல்லாம் தெரிந்தால் போதும், அவர்கள் ஒப்பினால் எதுவும் செய்யலாம் என்று முடிவு கட்டிவிடாதே, தம்பி! அப்படி முடிவு கட்டிய காலமும் ஒன்று இருந்தது. 2001-ல் இங்கிலாந்தில் வெளியான தேசியத் தரவிதிகள், பெற்றோர் சம்மதம் தந்தால் காப்பாளர் பிள்ளையை அடிக்கலாம், பிள்ளை முன்னிலையில் புகை பிடிக்கலாம் என்று இடம் தந்தன. விதி இருந்தது, பெற்றோருக்குச் சொல்லப்பட்டது, கையொப்பமும் கிடைத்தது. அடி வாங்குவது யார்? கையொப்பமிடாத பிள்ளை! 2003-ல் அந்த இடம் அடைக்கப்பட்டது. இன்று தாயே எழுதிக் கொடுத்தாலும் காப்பாளர் கை ஓங்குவதும், ஓங்குவேன் என்று மிரட்டுவதும் குற்றம். சில விதிகள் பேசி முடிவு செய்யத் தக்கவை. சில, பேரத்துக்கு அப்பாற்பட்டவை. எது எந்த வகை என்பதைப் பெற்றோர் முதல் நாளே அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் இப்போது சொல்வது என்ன? 2006-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், 2008 முதல் இளம்பருவ அடித்தளத் திட்டம் நடப்பில் உள்ளது. 2024 ஜனவரி முதல் காப்பாளருக்கென அதன் தனிப்பதிப்பு வந்துள்ளது. உணவு யாது, விளையாட்டு யாது, ஊனமுற்ற பிள்ளைக்கு என்ன உதவி, பிள்ளை காணாமற்போனால் என்ன செய்வர், பெற்றோர் வராவிட்டால் என்ன செய்வர் என்பனவெல்லாம் பெற்றோர் அறியக் கிடைத்தாக வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் தாய்தந்தையரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கொடுத்ததை அன்றே சொல்ல முயல வேண்டும். கீழே விழுந்தால் எழுதி வைத்து, அதையும் அன்றே அறிவிக்க முயல வேண்டும். பெற்றோர் சுட்டிய ஆளிடமன்றி வேறெவரிடமும் பிள்ளையை ஒப்படைத்தல் ஆகாது.

இதிலே ஒரு வியப்பு! காப்பாளர் தம் கொள்கைகளை எழுதி வைத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பெற்றோருக்கும் சோதனையாளருக்கும் விளக்கிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உதவியாளர் எவரேனும் இருந்தால் அவரும் பின்பற்றுமாறு பார்க்க வேண்டும். இது தளர்வு என்று சிலர் குறை கூறுவர். நான் அப்படிக் கருதவில்லை. தாள் வாங்குவது எளிது. ஆயத்தத் தொகுப்பாக விலைக்கே கிடைக்கிறது! பெயரை மாற்றி, அடியிலே கோடு போட்டு, "இங்கே ஒப்பமிடுங்கள்" என்றால் தீர்ந்தது வேலை. காப்பாளரும் படிக்கவில்லை, தாயும் படிக்கவில்லை. தீர்மானத்தைப் படித்துக் காட்டாமலே பதிவேட்டிலே வரிசையாகக் கையெழுத்து வாங்கும் கிளைச் செயலாளர் ஒருவரை நீயும் அறிவாய், நானும் அறிவேன், பெயர் வேண்டாம்! விளக்கிச் சொல்வதோ அப்படியன்று; கேள்வி வரும். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் நம் தமிழ்த் தாய்மார் போல, ஆங்கிலம் பிறமொழியாக உள்ளவர் எதிரே இருந்தால் இருமுறை சொல்ல வேண்டும். சொன்னது விளங்கிற்றா என்று முகம் பார்க்க வேண்டும். இருப்பினும் பணம், நேரம் ஆகிய இரண்டையும் எழுதிக்கொள்வதே நலம். நினைவு இருவருக்கும் ஒரேவிதமாக வேலை செய்வதில்லை.

மாலை 5 மணிக்கு வரவேண்டிய தாய், ரயில் நின்றுபோய் 6:30-க்கு வருகிறாள் என்று வைத்துக்கொள். கூடுதல் கட்டணம் இவ்வளவு என்று சேர்க்கும் நாளில் சொல்லியிருந்தால் அது விதி. மழையில் நனைந்து மூச்சிரைக்க நிற்பவளிடம் வாயிற்படியில் சொன்னால் அது தண்டம். தொகை ஒன்றுதான், ஆனால் முன்னதில் அவள் சமமானவள், பின்னதில் அவள் குற்றவாளி! காப்பாளரையும் நினைத்துப் பார். அவருக்கும் அடுப்பு உண்டு, தம் பிள்ளைகள் உண்டு, களைப்பு உண்டு. முன்கூட்டிச் சொல்லாத விதியை அவர் எப்படிக் கேட்டு வாங்குவார்? வாய்விட்டுக் கேட்கவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பு மறுநாள் பிள்ளையின்மேல் விழும்.

இவற்றிலெல்லாம் கடினமானது வேறொன்று உண்டு. பிள்ளை பாதுகாப்பு குறித்த நடைமுறை! புகைப்படக் கருவியும் கைப்பேசியும் எப்படிப் பயன்படும் என்பது அதில் அடங்கும், அது எளிது. ஆனால், "உங்கள் பிள்ளையின் உடலில் காயம் கண்டால் குறித்துக்கொள்வேன், தீங்கு நேர்கிறதென்று ஐயம் கொண்டால் உள்ளாட்சியின் குழந்தை நலத் துறைக்கு அறிவிப்பேன்" என்று, கூலி கொடுக்கும் பெற்றோரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே, தம்பி! எத்தனை பேருக்கு நா எழும்? பல காப்பாளர் இதைத் தாளின் நடுவிலே புதைத்துவிட்டு உணவுப் பட்டியலைச் சிரித்த முகத்தோடு படிப்பர் என்றால் நான் வியப்படைய மாட்டேன். ஆயினும் முதல் நாளில் சொன்னால் அது எல்லோருக்கும் பொதுவான விதியாகக் கேட்கும். காயம் கண்ட நாளில் சொன்னால் அதே சொல் குற்றச்சாட்டாகக் கேட்கும்.

எதிர்ப்பக்கமும் அப்படியே. காப்பாளர்மீது தாய்க்குக் குறை இருந்தால்? எழுதிக் கொடுத்த முறையீட்டை விசாரித்து, 28 நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். முறையீட்டையும் முடிவையும் பதிந்து வைக்க வேண்டும். ஆப்ஸ்டெட்டுக்கு முறையிடும் வழியையும் பெற்றோருக்குக் காட்ட வேண்டும். தம்மேல் குற்றம் சாட்டும் வழியைத் தாமே கற்றுக்கொடுக்கச் சொல்கிறது சட்டம்!

ஆனால் அந்த வழியிலே நடக்கத் தாய்க்குத் துணிவு உண்டா? 1990-களில் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் காப்பாளர் இருந்தனர். 2023-ல் 30,000-க்கும் குறைவு. இடம் கிடைப்பதே அரிது என்றால், கிடைத்த இடத்தை வினா எழுப்பி இழக்க எவள் துணிவாள்? "நன்றி, நன்றி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவாள். ஆகவேதான் அவள் கேட்கட்டும் என்று காத்திராமல், காப்பாளரே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்கிறேன். புதிதாக உதவியாளர் வந்தாலும், வீட்டில் நாய் வளர்க்கத் தொடங்கினாலும், கட்டணம் மாறினாலும் மறுபடி சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பர் முதல், தகுதி பெற்ற உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, 9 மாதம் நிரம்பியது முதலே, ஆண்டில் 38 வாரங்களுக்கு வாரம் 30 மணி நேரக் காப்புச் செலவை அந்த அரசு ஏற்கிறது. பேச்சு வராத பிள்ளைகள் மேலும் பலர் அந்த வாயிற்படி ஏறுவர். பகலில் யார் தூக்கினார்கள், என்ன ஊட்டினார்கள், எப்போது அழுதோம் என்று மாலையில் அவை தாயிடம் சொல்லப்போவதில்லை.