டீசல் வழியில் தண்ணீர் ஹோஸ் வேண்டாம்

மீன் வண்டிகளுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கும்போது பிரேக், விளக்குகளுக்குக் காட்டும் அதே கண்டிப்பை, டீசல் ஊற்றும் பைப்புக்கும் அதன் ரப்பர் ஹோஸுக்கும் காட்ட வேண்டும். பெரியபட்டினத்தில் லாரி மெக்கானிக்காக இருக்கும் நான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மன்னார் வளைகுடாவின் உப்புக்காற்றும், மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் இரும்புப் பைப்பை அரித்துவிடுகின்றன. துரு டேங்கில் விழுந்து பில்டரை அடைக்கிறது. மழைநீர் புகுந்தால் இன்ஜெக்டருக்கே கேடு. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதிப்படியான வண்டிகளில் இன்ஜெக்டரைச் சரிசெய்யும் செலவைச் சிறு முதலாளிகளால் தாங்க முடியாது.

காசை மிச்சம்பிடிக்கச் சிலர் டீசல் ஹோஸுக்குப் பதிலாகத் தண்ணீர் ஹோஸை மாட்டுகிறார்கள். டீசல் பட்டால் அது ஊதி, இளகி, ஒழுகும். சாலையில் சிந்திய டீசலில் வழுக்கி விழுவது பின்னால் வரும் பைக் ஓட்டுபவர். டீசலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ், இரு முனையிலும் துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப், மடங்காத காற்றுக் குழாய், சேஸியிலோ சைலன்ஸரிலோ படாத இடைவெளி ஆகியவை இருந்தாக வேண்டும். மாட்டியபின் டேங்கை நிரப்பிக் கசிவு பார்க்காமல் எந்த மெக்கானிக்கும் வண்டியைக் கொடுக்கக் கூடாது. எந்த முதலாளியும் எடுக்கக் கூடாது.