வேண்டாம் என்றால் கூடாதா?

சென்ற பருவத்தில் உள்தேர்வு வினாத்தாள் ஒன்றில் 'எடுத்துக்காட்டு எழுத வேண்டாம்' என்று குறிப்பு வைத்தவர்கள் நாமே. எழுதியோருக்கு ஒரு மதிப்பெண் குறைத்தவர்களும் நாமே. விடைத்தாள் கொடுத்த அன்று, ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "எழுதாண்டாம்னுதானய்யா போட்டிருந்தீங்க. எழுதக் கூடாதுன்னு போடலையே?"

விடை சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

'எழுத வேண்டாம்' என்பது 'எழுதவேண்டிய கட்டாயம் இல்லை' என்றும் பொருள்படும். 'எழுதாதே' என்றும் பொருள்படும். இது இன்று நேர்ந்த மயக்கமன்று. அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில், சிவிகை சுமப்பானையும் ஊர்வானையும் காட்டும் 37-ஆம் குறளில் 'வேண்டா' நிற்கிறது. அறத்தின் பயனை நூல்கொண்டு உணர்த்த வேண்டுவதில்லை, கண்ணெதிரே தெரிகிறதே என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என விலக்காகக் கொள்வாரும் உளர். முன்னதில் சுமப்பவன் தன் வினைப்பயனைச் சுமக்கிறான். பின்னதில் அவன் தோள்மீது பிறர் ஏற்றிய அநீதியைச் சுமக்கிறான். ஒரு சொல்லின் பொருள் சற்று அசைந்தால் ஒரு சமூகமே இடம் மாறிவிடுகிறது!

சப்பானியர் இவ்விரண்டையும் கலப்பதில்லை. போகத் தேவையில்லை என்பதற்கு 'இக்கனக்குத்தெமோ ஈ' என்பர். 'போகாவிட்டாலும் நல்லது' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். 'மோ' நம் உம்மையே போல் நிற்கிறது. விலக்குக்கோ 'போனால் ஆகாது' என்னும் பொருள்பட வேறு தொடர். (சுசுமு ஓனோ தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவு கண்டார், மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நாமும் உறவு கொண்டாட வரவில்லை.)

நம்மிடமும் 'வேண்டியதில்லை', 'தேவையில்லை', 'கூடாது' எல்லாம் உள. இருந்தும் அதிகாரம் உடையோர் 'வேண்டாம்' என்பதையே விரும்புகிறோம். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று கடை முதலாளி சொல்லும்போது அது விடுப்பன்று, வேலைநீக்கம். கேட்பவருக்கு அது புரியும். சொன்னவரோ தாம் கடுஞ்சொல் ஏதும் சொல்லவில்லை என்று நிம்மதியாக உறங்கலாம். விருந்தினரிடம் 'செருப்பைக் கழற்ற வேண்டாம்' எனும்போது இனிக்கும் அதே சொல், ஆணையை மறைக்கும் திரையாவதை நாம் ஏற்கவில்லை. ஆணை இடுவோர் 'கூடாது' என்றே எழுதட்டும்.

குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த உள்தேர்வில் 'எடுத்துக்காட்டு தேவையில்லை' என்று தெளிவாகவே அச்சிட்டோம். தேர்வு நடுவே மூவர் எழுந்து கேட்டனர்: "எழுதினா மார்க் குறைப்பீங்களாய்யா?"